தேக்கு மொட்டையாகும் மாதம்: நிலம்பூர் நாட்குறிப்பு

முதல் நாள்

கூடலூரில் காலை ஏழரை மணிக்குப் பேருந்து ஏறினேன். நாடுகாணி தாண்டியதும் மலைப்பாதை இறங்கத் தொடங்கியது. வளைவுக்கு வளைவு காற்றில் சூடு ஏறியது. வழிக்கடவு வருவதற்குள் ஸ்வெட்டரைக் கழற்றிப் பைக்குள் திணித்துவிட்டேன். அங்கிருந்து எடக்கரை, சுங்கத்தறை வழியாகக் கேரளத்து நிலம்பூர் வரை கண்ணில் படுவதெல்லாம் தேக்கு. கொல்லையில் தேக்கு, வரப்பில் தேக்கு, வனத்துறைத் தோட்டங்களில் வரிசை பிடித்து நிற்கும் தேக்கு.

மரத்தின் இலையைத் தின்று வளரும் ஓர் அந்துப்பூச்சிக்காகத்தான் இந்தப் பயணம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மே மாதம் இதே சாலையில் போனேன். கோடை மழை பெய்து ஊரே பச்சைப் பசேலென்று இருந்தது. ஒரு மேட்டில் மட்டும் ஒரு துண்டுக் காடு குச்சி குச்சியாக நின்றது. தீப்பிடித்ததா, பட்டுப்போனதா என்று பக்கத்து இருக்கைக்காரரிடம் கேட்டேன். “புழு” என்று சொல்லிவிட்டு அடுத்த நிறுத்தத்தில் இறங்கிப் போய்விட்டார். அத்தனை பெரிய மரங்களை ஒரு புழு உரித்துப் போடுமா? அந்தக் கேள்வி என்னை விடவே இல்லை. அன்றிலிருந்து கிடைத்ததையெல்லாம் படித்தேன். படித்தது போதும், போய்ப் பார்க்க வேண்டும் என்று இந்த ஆண்டு பதினோரு நாள் ஒதுக்கிக்கொண்டு வந்திருக்கிறேன்.

பூச்சியின் அறிவியல் பெயர் ஹைப்ளேயா ப்யூரா. 1777ல் பீட்டர் கிராமர் என்ற டச்சுக்காரர் வைத்த பெயர். காட்டு வேலை செய்பவர்களுக்குத் தேக்குப் புழு. அந்தப் பெயரே நல்ல பெயர், இனி நானும் அப்படியே எழுதுகிறேன்.

தங்கியிருப்பது தெரிந்தவர் ஒருவரின் உறவினர் வீட்டில். வளவில் எட்டுத் தேக்கு மரங்கள். நான் போனபோது வீட்டுச் சேச்சி கிணற்றின் மேல் தார்ப்பாய் விரித்துக் கல் வைத்துக்கொண்டிருந்தார். வெயில் கொளுத்தியது, மழைக்கான அறிகுறியே இல்லை. எதற்கு என்று கேட்டேன். தார்ப்பாயைக் காட்டினார். கடுகு சிதறினாற்போல் கரும்பச்சை மணிகள். இன்னும் விழுந்துகொண்டே இருந்தன.

“மோனே, இது புழு மழ. வெயிலத்தும் பெய்யும்” என்றார்.

சாயங்காலம் கிளைநுனியில் இருந்து ஒரு கொழுந்து பறித்து உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தேன். தேக்குக் கொழுந்தைத் தேய்த்தால் கை ரத்தம்போலச் சிவக்கும். தேக்கு வளரும் ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் தெரிந்த விளையாட்டு இது. இந்தச் சிவப்பு ஊறும் பருவத்துக் கொழுந்துதான் புழுவுக்கும் வேண்டும். முற்றிய இலையில் பிஞ்சுப் புழுவின் வாய் ஏறாது.

இரண்டாம் நாள்

விடிந்ததும் காட்டுக் காவல் பார்க்கும் வாட்சர் அண்ணன் வந்துவிட்டார். பந்தலூர்ப் பக்கம் பிறந்தவர், அதனால் எங்களுக்குள் தமிழ்தான். தோட்டத்தின் ஓரமாகப் போகும் பாதையில் கூட்டிப்போனார்.

முதலில் காதில்தான் விழுந்தது. தூறல் போடுவதுபோல ஒரு சத்தம், காய்ந்த சருகின் மேல் விடாமல் சடசடவென்று. அண்ணாந்து பார்த்தால் நீல வானம். குடையை விரித்துப் பிடித்தேன், துணியில் மணிகள் தெறித்தன. ஒவ்வொரு மரத்திலும் ஆயிரக்கணக்கான புழுக்கள் தின்று கழிப்பதுதான் அந்தத் தூறல். பச்சை இலையை அரைத்த வாசம் காடு முழுக்க நிறைந்திருந்தது.

“நேத்தைக்கு முந்தாநாள் இங்க நிழல் இருந்துச்சு தம்பி” என்றார் அண்ணன்.

இப்போது வெயில் நேராகத் தரையில் இறங்குகிறது. தலைக்கு மேலே இலை என்று சொல்ல நடுநரம்பும் பெரிய கிளைநரம்புகளும்தான் மிச்சம். மீன் தின்று போட்ட முள்போல அவை காற்றில் ஆடுகின்றன.

அடிமரத்தில் துளிர்த்திருந்த ஒரு கிளை என் மார்பு உயரத்தில் இருந்தது. அதன் முன்னால் உட்கார்ந்து லென்ஸை எடுத்தேன். ஒன்றரை மணி நேரம் அங்கேயே போயிற்று.

ஒரு புழு இலையின் விளிம்பில் வேலை தொடங்கியது. விளிம்பிலிருந்து உள்நோக்கி ஒரு வெட்டு, சற்றுத் தள்ளி இன்னொரு வெட்டு. நடுவில் உள்ள துண்டு கடித உறையின் மூடிபோல ஒரு பக்கம் மட்டும் இலையோடு ஒட்டி நின்றது. அப்புறம் தலையை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆட்ட ஆரம்பித்தது. இலைப்பரப்பில் ஒரு தொடுதல், மூடியில் ஒரு தொடுதல். தொட்ட இடத்தில் எல்லாம் வாயிலிருந்து வரும் பட்டு இழை ஒட்டுகிறது. லென்ஸ் இல்லாமல் பார்த்தால் அது சும்மா தலையாட்டுவதுபோலத்தான் இருக்கும். பத்து இருபது இழை சேர்ந்ததும் மூடி கொஞ்சம் எழும்பியது. மறுபடி தலையாட்டல், மறுபடி கொஞ்சம் எழும்பல். கடைசியில் மூடி மடிந்து இலையின் மேல் படுத்துவிட்டது, புழு உள்ளே. பிறகு தலையை மட்டும் வெளியே நீட்டிப் பக்கத்துப் பரப்பைத் தின்னத் தொடங்கியது. வீட்டைக் கட்டி முடித்து வாசலில் உட்கார்ந்து சாப்பிடுகிற ஒருவரைப் பார்ப்பதுபோல் இருந்தது எனக்கு.

முட்டையிலிருந்து வந்த உடனே இந்த வேலை அதற்கு வராது. முதல் இரண்டு பருவமும் (ஒரு தோலுரிப்புக்கும் அடுத்ததுக்கும் இடைப்பட்ட காலம் ஒரு பருவம்) நரம்பின் ஓரமாக இலையைச் சுரண்டித்தான் தின்னும். சுரண்டிய பள்ளத்தின் மேல் சில இழைகளைக் குறுக்கே ஓட்டிக்கொண்டு அதனடியில் பதுங்கியிருக்கும். மூன்றாம் பருவத்திலிருந்துதான் மடிப்பு வீடு. மொத்தம் ஐந்து பருவம். வெயிலும் தீனியும் சரியாக இருந்தால் பத்துப் பன்னிரண்டு நாளில் ஐந்தும் முடிந்துவிடும். நான் பார்த்தது கடைசிப் பருவம், சுண்டுவிரலை விடச் சின்னது, சுமார் நான்கு சென்டிமீட்டர். உடல் கறுப்பு, முதுகோடு ஆரஞ்சுப் பட்டை, பக்கத்தில் மெல்லிய வெள்ளைக் கோடுகள். இந்தக் கறுப்பு, கூட்டத்தின் நிறம். இதே புழு ஒரு மரத்துக்கு ஒன்றிரண்டாகத் தனித்து வளரும்போது வெளிர் பச்சையாக இருக்கும். நெருக்கியடித்து வளரும்போது கறுத்துவிடும்.

வீட்டுக்குத் திரும்பி, வளவு மரத்திலிருந்து பன்னிரண்டு புழுக்களை ஒரு அகலமான பிளாஸ்டிக் டப்பாவில் போட்டேன். மூடிக்குப் பதில் கொசுவலைத் துணி. காட்டுக்குள் இருந்து எதையும் எடுக்கவில்லை, எடுக்கவும் கூடாது. சேச்சியின் மரத்திலேயே வேண்டிய அளவு இருக்கிறது.

மூன்றாம் நாள்

இன்று பார்த்ததை நான் மறக்கப் போவதில்லை.

அதிகாலையில் அதே இடத்துக்குப் போனோம். சூரியன் மரங்களுக்குப் பின்னால் இன்னும் தாழ்வாக இருந்தது. பாதையில் கால் வைத்ததும் முகத்தில் ஏதோ ஒட்டியது. கையால் விலக்கினால் மறுபடி ஒட்டுகிறது. சாய்ந்து வந்த வெளிச்சத்தில் பிறகுதான் தெரிந்தது: மரத்திலிருந்து தரைவரை நூல். ஒன்றல்ல இரண்டல்ல, தறியில் பாவு போட்டாற்போல நூறு நூறாகப் பட்டு இழைகள். ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு கறுத்த புழு மெல்லச் சுழன்றபடி இறங்கிக்கொண்டிருந்தது. சில நடுவழியில் நின்று காற்றில் ஆடின, பிறகு மறுபடி இறங்கின. தின்பது முடிந்துவிட்டது. இனி மண்.

தரைக்கு வந்தது எதுவும் நின்று யோசிக்கவில்லை. நேராகச் சருகுக்கடியில் நுழைந்தது. ஒரே நாளில் ஒரு காட்டின் புழுக்கள் எல்லாம் இப்படி ஒன்றாக இறங்குவதற்குக் காரணம் இருக்கிறது. தாய்ப்பூச்சிகள் கூட்டமாக வந்து, அடுத்தடுத்த ஓரிரு இரவுகளில் முட்டை வைத்திருக்கும். ஒரு பூச்சி ஐந்நூறு முட்டை வரை வைக்கும், சில அதற்கு மேலும். ஒன்றோடொன்று சேர்க்காமல், கொழுந்தின் நரம்போரம் தனித்தனியாக. இரண்டு நாளில் எல்லாம் பொரிக்கும். சேர்ந்து பிறந்தவை சேர்ந்தே இறங்குகின்றன.

பறவைகளுக்கும் நாள் தெரிந்திருக்கிறது. கரிச்சான் நூலில் தொங்கும் புழுவைப் பறந்தபடியே கவ்வியது. மைனாக்கள் தரையில், காக்கைகள் எல்லா இடத்திலும். அப்படித் தின்றும் புழு குறைந்தாற்போலத் தெரியவில்லை. கூட்டமாக வருவதன் பலன் இதுதான். தின்பவர்களின் வயிறு நிறைந்த பிறகும் மிஞ்சும்.

டப்பாவிலும் இன்று யாரும் தின்னவில்லை. பன்னிரண்டும் அடியில் போட்ட சருகுக்குள் புகுந்துவிட்டன.

நான்காம் நாள்

சருகை ஒரு கை அகலத்துக்கு மெதுவாக விலக்கிப் பார்த்தேன். இரண்டு காய்ந்த இலைத்துண்டுகளை இழையால் தைத்து நடுவில் கூட்டுப்புழு. சில இன்னும் வெளிர் நிறம், சில பழுப்பாக மாறிவிட்டன. ஆழமே இல்லை, சருகுக்கும் மண்ணுக்கும் இடையில்தான். மண்ணைத் தோண்ட வேண்டிய அவசியம் அதற்கு இல்லை, ஆறேழு நாள் தங்கல்தானே. பார்த்துவிட்டுச் சருகைப் பழையபடி மூடினேன்.

ஜாவாவில் தேக்குக் காடுகளை ஒட்டிய கிராமங்களில் இந்தக் கூட்டுப்புழுவைப் பொறுக்கிச் சமைத்துச் சாப்பிடுவார்கள். அவர்களுக்கு இது பருவம் தவறாமல் வரும் விளைச்சல்.

மதியம் கூடலூர் சாலையில் உள்ள தேக்கு அருங்காட்சியகம் போனேன். 1995ல் திறந்தது, பீச்சியில் இருக்கும் கேரள வன ஆராய்ச்சி நிறுவனத்தின் பராமரிப்பில் உள்ளது. தேக்கின் வேர், வைரம், நாற்று, மேசை நாற்காலி என்று எல்லாம் இருக்கிறது. எனக்கு வேண்டியது ஊசியில் குத்தி வைத்த பூச்சிகள். அந்த வரிசைக்கு முன்னால் நெடுநேரம் நின்றேன். இறந்து பதப்பட்ட பூச்சியில் இறகு முழுக்க விரிந்திருப்பதால் எல்லாம் ஒரே பார்வையில் தெரிகிறது. முன்னிறகு மரப்பட்டை நிறம். பின்னிறகு கறுப்பு, அதில் ஆரஞ்சு மஞ்சள் திட்டுகள். உயிரோடு உட்காரும்போது முன்னிறகைக் கூரைபோல மூடிக்கொள்ளும், ஆரஞ்சு வெளியே தெரியாது. முகத்தில் முன்னோக்கி நீண்ட கூர்மூக்கு ஒன்று.

ஐந்தாம் நாள்

கானலி பிளாட். நிலம்பூர் வருகிற எல்லாரும் பார்க்கிற இடம் என்பதால் தள்ளிப்போடலாம் என்றுதான் நினைத்திருந்தேன். போனது நல்லதாயிற்று.

சாலியாற்றின் கரையில் 2.31 ஹெக்டேர் தேக்கு. மலபார் கலெக்டராக இருந்த எச்.வி. கானலி 1840களில் இங்கே தேக்கு நடத் தொடங்கினார். கப்பல் கட்ட மரம் தேவைப்பட்டது, காட்டில் இருந்ததை வெட்டித் தீர்த்துக்கொண்டிருந்தார்கள். யோசனை கலெக்டருடையது, உழைப்பு சாத்து மேனனுடையது. தேக்கு விதைக்கு ஓடு கெட்டி, சுலபத்தில் முளைக்காது. பல வழிகளில் முயன்று அதை முளைக்க வைத்து, நாற்றாக்கி, ஏக்கர் ஏக்கராக நட்டவர் அவர். உலகத்திலேயே பழைய தேக்குத் தோட்டம் என்று பெயர் பெற்ற இந்த இடத்தில் சாத்து மேனன் பெயர்தான் முதலில் இருந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

மரங்களின் அடியில் நின்று அண்ணாந்தால் கழுத்து வலிக்கிறது. ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். நூற்றெழுபது ஆண்டுக்கு மேல் நிற்கும் மரம் எத்தனை முறை மொட்டையாகியிருக்கும்? கேரளத்தில் இந்தப் புழு தேக்கைத் தின்றதைப் பற்றிய பழைய பதிவு 1898ஆம் ஆண்டைச் சேர்ந்தது. திருவிதாங்கூர் வன அதிகாரி பூர்டிலன் கோன்னித் தோட்டங்களில் பார்த்து எழுதியது. எழுதாத ஆண்டுகளிலும் புழு வந்துதான் இருக்கும். மரம் இருக்கிறது, இன்றும் கொழுந்து விடுகிறது.

ஆறாம் நாள்

விடாத மழை. வெளியே போகவில்லை. டப்பாவில் சிற்றெறும்பு ஏறி இரண்டு கூட்டுப்புழுவைக் காலி செய்துவிட்டது. ஒரு தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி நடுவில் கல் வைத்து அதன் மேல் டப்பாவை வைத்தேன். மிச்சம் பத்து.

ஏழாம் நாள்

மழை விட்டது. வாட்சர் அண்ணன் வேறு பக்கம் கூட்டிப்போனார், முதலில் பார்த்த இடத்திலிருந்து மூன்று நான்கு கிலோமீட்டர் இருக்கும். இங்கேயும் புழு, ஆனால் சத்தம் இல்லை. குடைத்துணியில் ஒன்றிரண்டு மணிதான் விழுந்தது.

கிளையைப் பிடித்துப் பார்த்ததும் காரணம் தெரிந்தது. புழுக்கள் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தன, பின்கால்கள் மட்டும் இலையைப் பற்றியிருந்தன. உடல் கறுத்து, தொளதொளவென்று ஒரு பைபோல நீண்டிருந்தது. குச்சியால் தொட்ட ஒன்று உடைந்து உள்ளே இருந்தது முழுக்கப் பழுப்பு நீராகக் கொட்டியது.

வைரஸ். இந்தப் புழுவுக்கென்றே உள்ள ஒன்று, நியூக்ளியோ பாலிஹெட்ரோ வைரஸ் வகை. அது வேலை செய்கிற விதம் தெரிந்தால் அந்தக் கிளையின் முன்னால் இருந்து நகர மனம் வராது. வைரஸ் துகள்கள் வெளியே இருக்கும்போது ஒரு புரதப் படிகத்துக்குள் அடைபட்டுக் கிடக்கும். படிகம் மண்ணிலும் இலையிலும் காத்திருக்கும். புழு அந்த இலையைத் தின்னும்போது படிகம் குடலுக்குள் போகிறது. புழுவின் குடல் நம் வயிற்றைப்போலப் புளிப்பு கிடையாது, காரத்தன்மை கொண்டது. அந்தக் காரத்தில் படிகம் கரைந்து வைரஸ் விடுபடுகிறது, செல்லுக்குள் புகுந்து பெருகுகிறது. சில நாளில் புழுவின் உடலே படிகம் நிறைந்த ஒரு பையாகிவிடும். பை உடைந்து அடியில் உள்ள இலையில் வழிகிறது. அதை அடுத்த புழு தின்கிறது. நெருக்கம் அதிகமானால் பரவலும் வேகமாகிறது.

கேரள வன ஆராய்ச்சி நிறுவனத்தார் 1980களில் நிலம்பூரில் இதைக் கண்டறிந்து, பிறகு இந்த வைரஸையே புழுவுக்கு எதிராகத் தெளிக்கும் மருந்தாக வளர்த்தெடுத்தார்கள். தேனீக்கோ பறவைக்கோ மனிதருக்கோ இது ஒன்றும் செய்யாது. காட்டில் ஏற்கெனவே இருப்பதைக் காட்டுக்கே திருப்பிக் கொடுக்கிற வழி இது, எனக்கு மிகவும் பிடித்த வழியும் கூட. ரசாயனம் தெளித்திருந்தால் மூன்றாம் நாள் காலையில் நான் பார்த்த கரிச்சானும் மைனாவும் அந்த விஷத்தையும் சேர்த்தல்லவா தின்றிருக்கும்.

எட்டாம் நாள்

சாப்பாட்டு நேரத்தில் சேச்சியின் மகன் ஒரு கேள்வி கேட்டார். மரம் சாகவில்லை, திரும்பத் துளிர்த்துவிடுகிறது, அப்புறம் இத்தனை ஆராய்ச்சி எதற்கு?

நியாயமான கேள்வி. பதில், மரத்தின் இடுப்பில் இருக்கிறது. நாயர் என்ற பூச்சியியலாளரும் (கே.எஸ்.எஸ். நாயர், இந்தப் பூச்சியைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி அவரும் அவரோடு உழைத்தவர்களும் தந்தது) அவருடைய குழுவும் இங்கே இளம் தேக்குத் தோட்டத்தில் சில ஆண்டுகள் தொடர்ந்து அளந்தார்கள். ஒரு பகுதி மரங்களைப் புழு அண்டாமல் காத்தார்கள், மற்றதை அப்படியே விட்டார்கள். காக்கப்பட்டவை வளர்ந்த அளவோடு ஒப்பிட்டால், விடப்பட்ட மரங்களில் 44 சதவீத வளர்ச்சி போயிருந்தது. மரம் உயிரோடு இருக்கும், பருக்காது. வளர வேண்டிய பருவத்தில் சேர்த்து வைத்த சத்தையெல்லாம் இரண்டாம் முறை இலை போடுவதற்கே செலவழித்துவிடும். மரத்தை விற்றுப் பிழைப்பவருக்கு இது சின்ன விஷயம் இல்லை.

அதனால் புழுவைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். தோட்டம் போட்டதால்தான் புழு பெருகியது என்று எளிதாகப் பழி போடுவதும் சரியில்லை. இயற்கையான தேக்குக் காட்டிலும் இந்த மொட்டையடிப்பு நடக்கிறது. தேக்கும் இந்தப் பூச்சியும் மிகப் பழைய கூட்டாளிகள். சாலியாற்றங்கரையில் முதல் நாற்று ஊன்றப்படுவதற்கு எவ்வளவோ காலம் முன்பே இரண்டும் சேர்ந்து வாழ்ந்தவை.

புழு தேக்கை மட்டும் நம்பியும் இல்லை. மும்பைப் பக்கம் கடலோரக் கண்டல் மரங்களையும் இதே புழு மொட்டையடித்திருக்கிறது. இலங்கை, மியான்மர், இந்தோனேசியா என்று தேக்கு உள்ள பல நாடுகளில் உண்டு.

ஒன்பதாம் நாள்

முதல் இடத்துக்கு மறுபடி போனோம். குச்சிகளில் மொட்டு உடைந்திருக்கிறது. நுனியில் இரண்டிரண்டாகச் சின்ன இலை, இன்னும் சுருக்கம் பிரியாமல், செம்பு நிறத்தில். தரையில் வெயில் விழுந்ததால் புல்லும் களைச்செடியும் ஒரு விரல் உயரம் ஏறிவிட்டன. எச்ச மணிகள் மழையில் கரைந்து மண்ணோடு சேர்ந்துவிட்டன. மரம் கொடுத்த இலையில் ஒரு பங்கு உரமாக அதன் காலடிக்கே வந்து சேர்ந்திருக்கிறது.

“இந்தத் துளிரையும் தின்னுமா அண்ணே?”

“சில வருசம் தின்னும். சில வருசம் மழை முந்திக்கும், இலை முத்திரும், தப்பிச்சிரும்.”

புரட்டாசி ஐப்பசி வாக்கில் இன்னொரு புழு வரும் என்றும் சொன்னார். அது முற்றிய இலையின் பச்சையைச் சுரண்டித் தின்று சல்லடையாக்கி விடும். அது வேறு பூச்சி, வேறு கதை.

பத்தாம் நாள், இரவு

பகலில் ஒன்றும் நடக்கவில்லை. கூட்டுப்புழுக்கள் நேற்றே கறுத்துவிட்டதால் இன்று இரவு என்று நினைத்து டார்ச்சில் சிவப்புக் கண்ணாடித் தாள் சுற்றி வைத்திருந்தேன்.

இருட்டி ஒரு மணி நேரம் ஆனதும் ஒரு கூடு அசைந்தது. தலைக்குப் பின்னால் ஒரு கீறல். கீறல் அகன்று முதலில் ஈரமான தலை, பிறகு இரண்டு முன்கால்கள். கால் பற்றிக்கொள்ள ஏதாவது கிடைத்துவிட்டால் போதும், மற்றது தானாக இழுபட்டு வந்துவிடுகிறது. வெளியே வந்ததும் சருகு, டப்பாச் சுவர், கொசுவலை என்று ஏறிக்கொண்டே போனது. உயரமான இடம் வேண்டும் அதற்கு. வலையில் தொங்கி நின்றது. முதுகில் இறகு என்று சொல்ல நனைந்த காகிதம்போல நான்கு சின்ன மடிப்புகள்.

சேச்சியைக் கூப்பிட்டேன். இருவரும் தரையில் உட்கார்ந்து பார்த்தோம். வயிற்றுப்பகுதி சுருங்கிச் சுருங்கி விரிந்தது. உடலில் உள்ள திரவத்தை இறகு நரம்புக்குள் தள்ளுகிறது. மடிப்புகள் அடியிலிருந்து நுனியை நோக்கிப் பிரிந்தன, அவசரம் இல்லாமல். பின்னிறகில் ஆரஞ்சு தெரிந்தபோது சேச்சி “அய்யோ, எந்து பங்கி!” (எவ்வளவு அழகு!) என்றார். எட்டு மரமும் அவருடையது, கிணற்றை மூடியவரும் அவர்தான். சுமார் கால் மணி நேரத்தில் இறகு முழு அளவுக்கு வந்தது. கொஞ்ச நேரம் பட்டாம்பூச்சிபோல முதுகுக்கு மேல் சேர்த்து உலர்த்திவிட்டு, பிறகு கூரைபோலச் சாய்த்துப் படிய வைத்துக்கொண்டது. ஆரஞ்சு மறைந்தது. இப்போது அது ஒரு காய்ந்த இலைத்துணுக்கு.

நள்ளிரவுக்குள் ஏழு வந்துவிட்டன. ஒன்றுக்கு இறகு பாதியில் நின்றுவிட்டது, அது சுவரைப் பற்ற முடியாமல் கீழே விழுந்து எழுந்திருக்கவில்லை. மற்ற இரண்டு கூட்டில் சின்ன ஓட்டை. ஒரு ஈ முன்பே உள்ளே முட்டை வைத்து, அதன் குஞ்சு உள்ளிருந்தே தின்று முடித்திருந்தது. ஏழைத் திறந்துவிட்டேன். வளவு மரத்தில் உட்காரும் என்று எதிர்பார்த்தேன். மூன்று வேலியோரச் செடிக்குள் போயின. மற்றவை கூரையைத் தாண்டிப் போய்விட்டன.

பதினோராம் நாள்

மதியம் ரயில் என்பதால் விடியற்காலையில் கடைசி முறையாகக் காட்டுக்குப் போனோம். பாதையோரப் புதரில் அண்ணன் கைத்தடியால் லேசாகத் தட்டினார். இலைக்கடியில் இருந்து முப்பது நாற்பது பூச்சிகள் ஒரே சமயத்தில் எழும்பின. ஆரஞ்சு ஒரு கணம் மின்னி மறைந்தது, அடுத்த புதரில் போய் அடங்கிவிட்டன. அடுத்த புதரைத் தட்டினாலும் அதே. பகல் முழுக்க இப்படி நிழலில் கிடந்து, அந்தி சாய்ந்ததும் கிளம்பிவிடும். இந்தக் காட்டில் இனி அவற்றுக்கு வேலை இல்லை, முட்டை வைக்கப் போதுமான கொழுந்து இன்னும் வரவில்லை. கொழுந்து உள்ள வேறு மேட்டுக்கு, வேறு தோட்டத்துக்குப் போகும். முதலில் ஓரிரு ஹெக்டேர் அளவில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தொடங்குவது இப்படித்தான் தாவித் தாவி மலையடிவாரம் முழுக்கப் பரவுகிறது. முட்டையிலிருந்து முட்டை வரை மூன்று நான்கு வாரம். மழைக்காலம் தொடங்கிச் சில வாரங்களில் எல்லாம் அடங்கிவிடும்.

வாட்சர் அண்ணனிடமும் சேச்சியிடமும் சொல்லிக்கொண்டு கிளம்பினேன். “அடுத்த கொல்லமும் (ஆண்டும்) வரணும் மோனே” என்றார் சேச்சி. கிணற்றின் தார்ப்பாய் மடித்துக் கொடியில் காய்ந்துகொண்டிருந்தது.

இதை ஷொர்ணூர் ரயிலில் உட்கார்ந்து எழுதுகிறேன். அறுபத்தாறு கிலோமீட்டர் ஒற்றை வழித்தடம். 1920களில் இந்தத் தேக்கைக் கொண்டுபோகவே போட்ட பாதை. இரண்டாம் உலகப் போரின்போது தண்டவாளத்தைப் பெயர்த்து எடுத்துப்போய், சுதந்திரத்துக்குப் பிறகு மறுபடி போட்டார்கள். ஜன்னலுக்கு வெளியே இரண்டு பக்கமும் தேக்கு. சில இடம் அடர்பச்சை, சில இடம் குச்சி. இப்போது ஒவ்வொரு மொட்டைத் திட்டையும் பார்த்து, இது தின்று முடித்து மூன்று நாள், இது ஒரு வாரம் என்று என்னால் சொல்ல முடிகிறது.

ஒரு வேண்டுகோள். இந்தப் பூச்சி உறங்கிக் காலம் கழிக்கும் வகை இல்லை. காடு அமைதியாக இருக்கும் மாதங்களிலும் எங்காவது சில தின்று வளர்ந்துகொண்டேதான் இருக்க வேண்டும். தேக்குக்கு உறவான நொச்சியிலும் அது வளரும். உங்கள் வேலியில் நொச்சி இருந்தால் ஆவணிக்குப் பிறகு இளம் இலைகளைப் புரட்டிப் பாருங்கள். இலை மடித்து இழையால் தைத்திருந்தால் மெதுவாகப் பிரியுங்கள். உள்ளே கறுப்பில்லாத, வெளிர் பச்சைப் புழு ஒன்று இருந்தால் ஊரையும் தேதியையும் எனக்கு எழுதுங்கள். மடிப்பை மறுபடி மூடிவிடுங்கள், அது தைத்துக்கொள்ளும்.